ரவுட்டருக்குப் பின்னால் ஒரு தபாற்கந்தோர்

2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆகிவிட்டது. கொழும்பு புறக்கோட்டையில் பருப்பு, மல்லி, செத்தல் மிளகாய் இறக்குமதி செய்யும் எங்கள் கந்தோரில் அப்போது 38 பேருக்கு மெயில் இருந்தது. எல்லாம் ஒரு வெளிநாட்டுச் சேவை. தலைக்கு இத்தனை டொலர் என்று மாதாமாதம் கட்ட வேண்டும். முதலாளி கல்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, சாமான் நிறுக்க ஆராவது பக்கத்துக் கடைத் தராசை வாடகைக்கு எடுப்பானோ? உந்த மெயிலை எங்கட கந்தோருக்குள்ளயே வைக்கேலாதோ?”

வைக்கலாம் என்று சொல்லிவிட்டேன். லினக்ஸோடு பத்து வருஷப் பழக்கம். இணையத்தளங்களுக்கு எத்தனையோ சேர்வர் போட்டவன். ஆனால் இணையத்தளம் ஒன்று பழுதானால் அந்தத் தளம் மட்டும்தான் விழும். மெயில் சேர்வர் பழுதானால் அது விழாது. எழும்பி நின்று உங்கள் பெயரில் ஊருலகத்துக்கெல்லாம் குப்பை அனுப்பும். இந்த வித்தியாசம் எனக்கு உறைக்க நான்கு மாதம் எடுத்தது.

முதல் மூன்று கிழமையும் மெயிலை வாங்கி அனுப்பும் வேலைக்கு எந்த மென்பொருள் என்று தெரிவு செய்வதிலேயே போனது. சென்ட்மெயில் பழைய ஆள்; அதன் அமைப்புக் கோப்பைப் பார்த்தால் தட்டச்சு இயந்திரத்தின் மேல் பூனை நடந்தது போல இருக்கும். எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கினேன். கியூமெயிலைப் பற்றி நிறைய வாசித்திருந்தேன். அதை எழுதிய டேனியல் பேர்ன்ஸ்டைன் 1997இல், பாதுகாப்பு ஓட்டை காட்டுபவருக்கு 500 டொலர் தருவதாகச் சவால் விட்டவர். ஆனால் அவர் கையால் வந்த கடைசிப் பதிப்பு 1998இல் வந்தது. அதற்குப் பிறகு மற்றவர்கள் போட்ட ஒட்டுகளை நம்பித்தான் ஓட்ட வேண்டும். மிச்சம் இரண்டு: எக்ஸிம், போஸ்ட்பிக்ஸ்.

எக்ஸிமைக் குறை சொல்ல மாட்டேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் 1995இல் தொடங்கியது, டெபியன் என்ற லினக்ஸ் வகையில் கூடவே வருவது. எதை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். அந்த வளைவுதான் எனக்குப் பயம். 2019 ஜூனில் வெளியான ஓட்டையில், பெறுநர் முகவரி எழுதும் இடத்திலேயே ஒரு கட்டளையை எழுதி அனுப்பினால் சேர்வர் அதை ரூட் அதிகாரத்தோடு, அதாவது இயந்திரத்தின் முழு அதிகாரத்தோடு, ஓட்டியது. உறையின் மேல் எழுதியதை வாசித்த தபாற்காரர் கடிதத்தைக் கொடுக்காமல் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்த மாதிரி.

போஸ்ட்பிக்ஸ் கட்டப்பட்ட விதம் வேறு. வீட்ஸ வெனெமா அதை ஐபிஎம்மில் இருந்தபோது எழுதி 1998இல் வெளியிட்டார். ஒரு பெரிய நிரல் எல்லா வேலையையும் செய்யாமல் பல சின்ன நிரல்கள் வேலையைப் பிரித்துக்கொள்ளும். வெளியாளோடு கதைப்பது ஒன்று, வரிசையில் அடுக்குவது இன்னொன்று, பெட்டியில் போடுவது வேறொன்று. பெரும்பாலானவற்றுக்கு ரூட் அதிகாரமே இல்லை. புறக்கோட்டையில் இருப்பவனுக்கு இது உடனே விளங்கும். லொறியில் இருந்து மூட்டை இறக்கும் நாட்டாமி காசுப் பெட்டிப் பக்கம் வருவதில்லை. காசுப் பெட்டியில் இருப்பவர் லொறிக்காரனோடு கதைப்பதில்லை. ஒருவன் ஏமாந்தாலும் கடை முழுதாகப் போகாது.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் உண்மையான காரணம். போஸ்ட்பிக்ஸின் பதிவேட்டை, அதாவது லொக்கை, இரவு இரண்டு மணிக்கு அரைத் தூக்கத்தில் வாசித்தாலும் எனக்கு விளங்கியது. தெரிவு செய்ய முடியாமல் நிற்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: எதன் லொக் உங்களுக்கு விளங்குகிறதோ அதை எடுங்கள். மெயில் பெட்டிகளைத் திறந்து காட்டும் வேலைக்கு டவ்கொட். அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

மெயில்கவ், ஐரெட்மெயில் போல எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தருபவையும் உண்டு. எங்களிடம் இருந்த பெட்டியில் 4 ஜிபி நினைவகம்தான். மெயில்கவ் அதற்குள் அடங்காது. அதோடு ஒவ்வொரு திருகாணியையும் நானே முறுக்க வேண்டும் என்ற வீம்பும் இருந்தது. இன்று தனியாளாக ஒரு கந்தோரைப் பார்க்கும் ஒருவர் கேட்டால், வீம்பை விட்டுவிட்டுக் கட்டித் தருவதையே எடுக்கச் சொல்வேன்.

சேர்வர் கந்தோர் மேல்மாடியில், சாமிப் படத் தட்டுக்குக் கீழே குடியேறியது. எல்லாரும் கேட்ட முதல் கேள்வி கரண்ட். அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, மெயில் என்ன ஆகும்? அது நான் பயந்ததை விடச் சின்னப் பிரச்சினை. எதிர்ப்பக்கத்துச் சேர்வர் கதவைத் தட்டிப் பார்க்கும். திறக்காவிட்டால் கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். போஸ்ட்பிக்ஸ் வழமையாக ஐந்து நாள் வைத்திருக்கும். மற்றவையும் கிட்டத்தட்ட அப்படித்தான். கரண்ட் வந்ததும் மெயில்கள் மழை விட்ட பிறகு வரும் கோழிகள் போல வந்து சேர்ந்தன. யூபிஎஸ் தேவைப்பட்டது வட்டு பழுதாகாமல் ஒழுங்காக அணைப்பதற்குத்தான்.

பெரிய தலையிடி ஐபி இலக்கம், இணையத்தில் எங்கள் இயந்திரத்தின் வீட்டு இலக்கம். வீட்டு இணைப்புகளுக்குக் கொடுக்கும் இலக்கங்கள் பெரும்பாலும் ‘இங்கிருந்து நேரடி மெயில் வரக்கூடாது’ என்ற பட்டியலில் இருக்கும். எனவே வியாபார இணைப்பும் மாறாத இலக்கமும் எடுத்தோம். அடுத்தது அந்த இலக்கத்துக்கான தலைகீழ்ப் பெயர். பெயரைக் கேட்டால் இலக்கம் சொல்வது உங்கள் டொமைன் பலகையில் இருக்கிறது. இலக்கத்தைக் கேட்டால் பெயர் சொல்வது இணைப்புத் தந்தவரின் கையில் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சுட்டாவிட்டால் பெரிய மெயில் நிறுவனங்கள் வாசலிலேயே திருப்பிவிடும். கடிதம் கொடுத்து, போன் எடுத்து, திரும்பவும் கடிதம் கொடுத்து, அது சரிவர ஐந்து கிழமை போனது. சேர்வர் தேடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: தலைகீழ்ப் பெயரை மாற்றித் தருவீர்களா, எத்தனை நாளில்?

பிறகு நான்கு மாதம் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. முதலாளி மிச்சம் பிடித்த டொலரைப் பற்றி வருகிற போகிற எல்லாருக்கும் சொன்னார்.

ஒரு சின்ன முறைப்பாடு மட்டும் இருந்தது. வெளியில் மெயில் திறக்கும் அதே சேர்வர் பெயரைப் போட்டால் கந்தோருக்குள் போனில் திறக்கவில்லை. ரவுட்டர் பார்க்கும் பெடியன் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து பத்து நிமிஷத்தில் சரிசெய்தான். எல்லாருக்கும் சந்தோஷம். பௌர்ணமிப் போயாவோடு சேர்ந்த நீண்ட விடுமுறை. நானும் ஊருக்கு பஸ் ஏறினேன்.

திரும்பி வந்த அன்று காலை பத்து மணிக்கு துபாய் வியாபாரி முதலாளிக்கு போன் எடுத்தார். மூன்று நாளாக ஒரு மெயிலும் வரவில்லையாம். வரிசையைப் பார்த்தேன். போகாமல் நின்ற கடிதங்கள் 41,000க்கு மேல். கடன் தருகிறோம், பரிசு விழுந்தது, மருந்து மலிவு என்று எங்கள் பருப்புக் கடையின் பெயரில்.

லொக்கைத் திறந்தால் அத்தனையும் வந்தது ஒரே இடத்திலிருந்து: 192.168.1.1. உள் இலக்கம். அப்படியென்றால் கந்தோருக்குள் ஏதோ கணினியில் வைரஸ் என்று முடிவுகட்டினேன். கணக்குப் பிரிவில் ஒவ்வொரு வயராகக் கழற்றினேன். கணக்காளர் அக்கா என்னை முறைத்துப் பார்த்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. கடைசியில் கந்தோரில் சேர்வரும் ரவுட்டரும் மட்டும்தான் மிச்சம். குப்பை நிற்கவில்லை. அப்போதுதான் அந்த இலக்கத்தைத் திரும்பப் பார்த்தேன். 1.1 ஒரு கணினியே இல்லை. அது ரவுட்டர்.

நடந்தது இதுதான். வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் சேர்வருக்குத் திருப்பிவிடும்போது, போகும் இடத்தை மட்டும் மாற்ற வேண்டும். வந்தவர் யார் என்பதை அப்படியே விட வேண்டும். பெடியன் போட்ட புதிய விதி, வந்தவரின் இலக்கத்தையும் அழித்து ரவுட்டரின் இலக்கத்தை எழுதியது. உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் போட்டிருக்க வேண்டியதை எல்லாருக்குமாகப் போட்டுவிட்டான். அன்று பின்னேரத்திலிருந்து என் சேர்வருக்கு உலகமே 192.168.1.1 ஆகத்தான் தெரிந்தது.

பெடியனைத் திட்ட வாய் எடுத்தேன். பிறகு என் அமைப்புக் கோப்பைப் பார்த்தேன். ஒரு கடிதத்தைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் போஸ்ட்பிக்ஸ் வரிசையாகக் கேட்கும்: நீ எங்கள் வலையமைப்பு ஆளா? இல்லையென்றால், பாஸ்வேட் கொடுத்து உள்ளே வந்தவரா? அதுவும் இல்லையென்றால், இது எங்கள் ஆட்களுக்கு வந்த கடிதமா? மூன்றும் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பும். முதல் கேள்விக்கான விடையாக, ‘எங்கள் வலையமைப்பு’ என்ற வரியில், 192.168.1 என்று தொடங்கும் அத்தனை இலக்கத்தையும் எழுதி வைத்திருந்தவன் நான். ஏன்? மேல்மாடி ஸ்கேனருக்கு பாஸ்வேட் கேட்காமல் மெயில் அனுப்ப வேண்டியிருந்தது. மூன்று கிழமை மென்பொருள் தெரிவு செய்தவன் அந்த வரியை ஒரு நிமிஷத்தில் எழுதினேன்.

சேர்வர்கள் மெயில் பரிமாறும் எஸ்எம்டிபி நெறி 1982இல் எழுதப்பட்டபோது யார் கொடுத்தாலும் வாங்கி யாருக்கும் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் மரியாதை. அந்த மரியாதையை நான் 2022இல் மூன்று நாள் கடைப்பிடித்திருக்கிறேன்.

சேர்வரை நிறுவிய அன்று, திறந்த வாசலா என்று வெளியிலிருந்து சோதித்துப் பார்த்தவன்தான். தேறியது. ஆனால் அது ரவுட்டரில் கைவைப்பதற்கு முந்திய சோதனை. திரும்பத் திரும்ப பாஸ்வேட் பிழைப்பவர்களைத் தடுக்க பெயில்2பான் போட்டிருந்தேன்; அதுவும் கையைக் கட்டி நின்றது. வந்தவர் எல்லாருக்கும் ஒரே முகம் என்றால் யாரைத் தடுப்பது?

துப்பரவாக்கிய விதத்தையும் சொல்கிறேன், அவசரத்தில் பிழை விடுவது இங்கேதான். வரிசை முழுவதையும் ஒரே கட்டளையில் அழிக்கலாம். கை அங்கேதான் போகும். ஆனால் அந்தக் குப்பைக்குள் எங்கள் சொந்தக் கடிதங்கள் அறுபது சொச்சம் சிக்கியிருந்தன, கப்பல் ஆவணங்கள் உட்பட. முதலில் வெளிவாசலை மூடினேன். பிறகு வரிசை முழுவதையும் நிறுத்தி வைத்தேன். போஸ்ட்பிக்ஸில் அதற்கென்றே வழி உண்டு. அனுப்புநர் பெயரால் எங்களுடையதைப் பொறுக்கி விடுவித்த பிறகுதான் மிச்சத்தை அழித்தேன். ‘எங்கள் வலையமைப்பு’ என்ற வரியில் இப்போது இருப்பது அந்த இயந்திரம் மட்டும்தான், 127.0.0.1.

எங்கள் ஐபி அதற்குள் கறுப்புப் பட்டியல்களில் ஏறிவிட்டது. அப்படிப் பட்டியல் வைத்திருக்கும் ஸ்பாம்ஹவுஸில் காரணத்தைத் திருத்திவிட்டுக் கேட்டால் எடுத்துவிடுவார்கள். அது அவ்வளவு பாடில்லை. பெரிய மெயில் நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் நன்மதிப்புக் கணக்குத்தான் கண்ணுக்குத் தெரியாத சுவர். கிழமைக்கணக்காக எங்கள் மெயில்கள் ஸ்பாம் பெட்டியிலேயே விழுந்தன. இன்வொய்ஸ்கள் வட்ஸ்அப்பில் போயின. “மெயில் இல்லாட்டியும் கப்பல் வருது தம்பி” என்றார் முதலாளி. ஆறுதலா, குத்தலா என்று இன்றைக்கும் தெரியாது.

இரண்டாம் முறை கந்தோருக்குள் வைக்கவில்லை. சிங்கப்பூரில் ஒரு சின்ன இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தோம். திரும்பவும் டொலர்தான், ஆனால் தலைக்கு இல்லை, பெட்டிக்கு. வாடகை இயந்திரங்களில் பலரும் 25ஆம் போர்ட்டை, மெயில் சேர்வர்கள் ஒன்றோடொன்று கதைக்கும் வாசலை, பூட்டித்தான் தருவார்கள். காசு கட்டுவதற்கு முன்பே திறந்து தருவார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கிடைத்த இலக்கத்துக்கும் முன்னால் குடியிருந்தவர் ஒருவர் இருப்பார். முதலில் கிடைத்தது ஏற்கெனவே பட்டியலில் இருந்தது. ஒன்றும் நிறுவாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கினேன்.

இந்த முறை வாசல்களைப் பிரித்தேன். 25ஆம் போர்ட் மற்றச் சேர்வர்களுக்கு மட்டும். அங்கே பாஸ்வேட் என்ற பேச்சே இல்லை. எங்கள் ஆட்களுக்கு 465உம் 587உம். மறைகுறியாக்கம் இல்லாமல் அங்கே பாஸ்வேட்டை வாங்காது. 25இலும் மறைகுறியாக்கம் உண்டு, ஆனால் கட்டாயமில்லை. கட்டாயமாக்கினால் எங்கோ ஒரு சின்னத் துறைமுக முகவரின் பழைய சேர்வர் எங்களோடு கதைக்க முடியாமல் போகும். பிறகு, உள்ளே வந்தவர் தன் முகவரியில் மட்டும்தான் அனுப்பலாம். விற்பனைப் பிரிவின் பாஸ்வேட்டோடு முதலாளி பெயரில் அனுப்ப முடியாது. ஒருவருக்கு மணித்தியாலத்துக்கு 100 மெயில் என்று ஆர்ஸ்பாம்டி என்ற குப்பை வடிகட்டியில் எல்லையும் போட்டேன். நாளைக்கு யாருடைய பாஸ்வேட் போனாலும் சேதம் நூறோடு நிற்கும். ஸ்கேனருக்குத் தனிப் பெயர், தனி பாஸ்வேட்.

மெயில் உண்மையில் எங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் தடக்கிய இடங்களை மட்டும் சொல்கிறேன். டிகிம் சாவி 2048 பிட் என்றால் டிஎன்எஸ் பதிவில், அதாவது டொமைனின் பெயர்ப் பதிவில், ஒரு துண்டுக்குள் அடங்காது. ஒரு துண்டின் எல்லை 255 எழுத்து. எங்கள் டொமைன் பலகை ஒரு சொல்லும் சொல்லாமல் வாலை வெட்டிவிட்டது. இரண்டு துண்டாகப் பிரித்துப் போட வேண்டும். போட்ட பிறகு வெளியிலிருந்து கேட்டுப் பார்த்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். டிமார்க்கை முதலில் ‘ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு’ என்ற நிலையில் இரண்டு மாதம் விட்டேன். சம்பளத் துண்டு அனுப்பும் ஒரு வெளிச் சேவை எங்கள் பெயரில் அனுப்புவது அந்த அறிக்கையில்தான் தெரிந்தது. எடுத்தவுடனே இறுக்கியிருந்தால் அந்த மாதம் ஒருவருக்கும் சம்பளத் துண்டு போயிருக்காது. 2024 பெப்ரவரியில் கூகுளும் யாகூவும் மொத்தமாக மெயில் அனுப்புபவர்களுக்கு இவற்றைக் கட்டாயமாக்கியபோது எங்களுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

இன்னொரு மடத்தனம். வரும் குப்பையைத் தடுக்க ஸ்பாம்ஹவுஸ் பட்டியலைப் பார்க்கச் சொல்லி வைத்தேன். இயந்திரத்தின் டிஎன்எஸ் கூகுளின் 8.8.8.8. அப்படிப் பொது வழியாகக் கேட்பவர்களுக்கு ஸ்பாம்ஹவுஸ் விடை சொல்லாது, 127.255.255.254 என்று ஒரு பிழைக்குறியீட்டை அனுப்பும். என் போஸ்ட்பிக்ஸுக்கோ எந்த விடை வந்தாலும் ‘பட்டியலில் இருக்கிறான்’ என்றுதான் அர்த்தம். அரை நாள் முழுக்க வந்த கடிதம் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியது. அதே இயந்திரத்தில் அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் நிரலை நிறுவி நேரடியாகக் கேட்க வைத்தேன். 127.0.0.2 முதல் 11 வரையான விடைகளை மட்டும் மதிக்கும்படியும் எழுதினேன்.

மறைகுறியாக்கத்துக்கான சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் தருவது. 90 நாளுக்குள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் வட்டில் புதியது வந்து கிடக்க, டவ்கொட் பழையதையே கையில் பிடித்துக்கொண்டு நின்றது. ஒரு காலை 38 போனிலும் எச்சரிக்கை. புதுப்பித்ததும் டவ்கொட்டைத் திரும்ப வாசிக்கச் சொல்லும் ஒரு வரி போதும், அதைத்தான் மறந்திருந்தேன்.

முதலாளிக்கு நடுவில் ஓர் ஆசை: விசிட்டிங் கார்டில் தமிழிலேயே மெயில் முகவரி. முடியாததில்லை. .இலங்கை என்ற பின்னொட்டு 2010 முதல் இருக்கிறது, போஸ்ட்பிக்ஸும் 3.0 பதிப்பு முதல் தமிழ் முகவரியை விளங்கிக்கொள்ளும். ஆனால் எதிர்ப்பக்கமும் விளங்க வேண்டுமே. இரண்டு பக்கமும் தயாராகும் வரை கார்டில் அழகாக இருக்கும் என்றேன். அழகு போதும் என்றார்.

பேக்கப்பை நான் ஒழுங்காக எடுக்கத் தொடங்கியது 2023 ஆகஸ்டுக்குப் பிறகு. இலங்கை அரசாங்கத்தின் மெயில் சேர்வர்களை, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் பணயத் தாக்குதல் பிடித்தபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மெயில்கள் போய்விட்டன. அந்தக் காலத்துக்கு பேக்கப் இருக்கவில்லை. பத்திரிகையில் வாசித்த அன்று இரவே என்னுடையதைத் திறந்து பார்த்தேன். ஓடுகிறது என்று நினைத்தது ஆறு கிழமைக்கு முன் நின்றிருந்தது. இப்போது ஒவ்வொரு இரவும் கந்தோர்ப் பெட்டி தானே சிங்கப்பூருக்குப் போய் இழுத்து வரும். மெயில் சேர்வரிடம் பேக்கப்புக்கான சாவி கிடையாது. சேர்வரைப் பிடித்தவன் பேக்கப்பையும் அழிக்கக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவரின் பெட்டியை வேறிடத்தில் மீட்டெடுத்துப் பார்ப்பேன்.

வங்கிக் கணக்கு இலக்கம் மாறிவிட்டது என்று வரும் மெயிலை இவற்றில் எதுவும் தடுக்காது. ஓர் எழுத்து மாறிய டொமைனை வாங்கி, அதற்கு ஒழுங்காக டிமார்க்கும் போட்டுவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். அதற்கு எங்கள் கந்தோரில் இருக்கும் பாதுகாப்பு கணக்காளர் அக்காதான். பழைய இலக்கத்துக்கு போன் எடுத்துக் குரலைக் கேட்காமல் காசு அனுப்ப மாட்டார்.

போன மாதம் இணைப்பு மாற்றினோம், புதிய ரவுட்டர் வந்தது. பூட்ட வந்தவன் வேறு பெடியன். ஏணியில் நின்றபடியே கேட்டான்.

“அண்ணை, உள்ளுக்க சேர்வர் கீர்வர் ஏதும் இருக்கோ? போர்ட் திறக்க வேணுமோ?”

“ஒண்டும் திறக்க வேண்டாம். ஒரு ஸ்கேனர்தான் இருக்கு. அதுக்கும் பாஸ்வேட் இருக்கு.”